பயிற்சிக் காலமும் குடும்பக் கடமையும்



நம் வாழப்பாடிப் பகுதியிலிருந்து பி.எட். பயிலச் செல்லும் பெண்மக்கள் பலர். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளிப் பயிற்சிக்குக் குறைந்தது 20 வாரங்களை வகுத்தன. அவற்றுள் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் வருவன.

பகலில் வகுப்பெடுத்தல், மாலையில் மறுநாளைக்குரிய பாடக்குறிப்பும் துணைக்கருவியும் ஆயத்தம் செய்தல், இடையே பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படித்தல். இவற்றோடு சமையல், குழந்தை, கறவை மாடு, பருவம் வந்தால் பாக்கு உரிப்பு. இத்தனையையும் ஒருத்தி தலைமேல் ஏற்றிவிட்டு, மதிப்பெண் குறைந்ததும் அவளையே குறை கூறுதல் அறமாகாது.

நான் பணியிலிருந்த நாள்களில் பயிற்சிக்கு வந்த இளந்தாய் ஒருவர், மூன்றாம் வாரத்திலேயே படிப்பை விட்டுவிடப் போவதாகக் கூறினார். இரவில் ஐந்து மணி நேர உறக்கமும் அவருக்கு வாய்க்கவில்லை. தலைமையாசிரியர் அவர் கணவரை அழைத்துப் பேசினார். மாலைப் பால் கறவையைக் கணவரும், குழந்தையை உறங்கவைத்தலை மாமியாரும் ஏற்றனர். நாள்தோறும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அவர் பட்டம் பெற்றார்.

சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரி ஆசிரியர். கல்லூரிப் பணிக்கும் இல்லறத்திற்கும் இடையே அந்நூலை ஆராய்ந்தவர், சமண சமயக் கருத்துகளை அவ்வூர்ச் சமண அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அப்பேரறிஞருக்கே பிறர் துணை வேண்டியிருந்ததெனில், நம் பிள்ளைகளுக்கு வேண்டாவோ?

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. மாணவச் செல்வங்களே, பள்ளி ஒதுக்கப்படும் முன்பே குடும்பச் சூழலைக் கல்லூரியில் எடுத்துரைத்து, கூடுமானவரை அண்மைப் பள்ளியைக் கேளுங்கள். வழிகாட்டும் ஆசிரியர்களே, பாடக்குறிப்பின் குறைகளை அன்றன்றே சொல்லுங்கள். வெள்ளியன்று மொத்தமாகத் திருப்பித் தந்தால் அவர்களுக்கு ஞாயிறும் இல்லாமற் போகும். பெற்றோர்களே, மாமனார் மாமியார்களே, அந்த 16 வாரங்களுக்கேனும் வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பங்கிடுங்கள். மகனுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும்.

நாளை அவள் கரும்பலகை முன் நிற்கும்போது பயன்பெறுவோர் நம் ஊர்க் குழந்தைகளே.