முதலாம் தரத்துப் பிள்ளையின் காது



தமிழ்வழி ஆரம்பக் கல்வி பற்றிய கருத்தரங்கை எம்பிலிப்பிட்டியவில் ஏன் வைத்தீர்கள், ஹட்டனில் வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். காரணம் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தின் இந்தத் தென்கோடியில் தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் சிங்கள ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஹட்டன் பிள்ளைக்குக் கடைத்தெருவிலும் தமிழ் கேட்கும். இங்குள்ள பிள்ளை தோட்டத்து லயத்தைத் தாண்டினால் பஸ்ஸிலும் கடையிலும் சிங்களமே கேட்கிறது. வீட்டில் ‘எல’, ‘தண்ணி’, ‘வூடு’ என்று பேசிப் பழகி, ஐந்து வயதில் முதலாம் தரத்துக்கு வருகிறது. புத்தகத்தில் இருப்பவையோ ‘இலை’, ‘நீர்’, ‘வீடு’. இந்த இடைவெளியைப் பிள்ளை காதால்தான் கடக்க வேண்டும். ஆகவே, ஆரம்ப வகுப்புக்குத் தொழில்நுட்பம் என்றதும் என் மனம் முதலில் போவது ஒலியிடம், திரை அப்புறம்தான்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்ப் பாடங்கள் வந்தன; கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் இருந்தது. பெரிய பிள்ளைகள் ஓரளவு சமாளித்தார்கள். சின்னவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் வந்தபோது, வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசி அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது. அவர் திரும்பும் நேரம் பிள்ளை தூங்கியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை பயிற்சித்தாளை நிறுத்திவிட்டார். மூன்று நிமிடக் கதையொன்றைத் தன் குரலில் பதிந்து அனுப்பினார். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று இறக்கிக்கொண்டால் போதும், லயத்தில் எத்தனை தரமும் போட்டுக் கேட்கலாம். டேட்டாவும் அதிகம் போகாது. பிள்ளை அதே கதையைத் தன் வாயால் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். இரவில் அம்மாவும் அம்மாயியும் கூட இருந்து கேட்டார்கள். பாடசாலை திறந்தபோது ஒவ்வொரு பிள்ளையின் குரலும் அவரிடம் இருந்தது. யாருக்கு ‘ழ’ வரவில்லை, யார் சொல்லின் கடைசியை விழுங்குகிறார்கள், யார் கதையின் நடுவைத் தாவிப் போகிறார்கள் என்று கொப்பியில் குறித்துவைத்திருந்தார். நான் பார்த்த மதிப்பீட்டுப் பதிவேடுகளில் அந்தக் கொப்பிக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

மறுபுறம், பூட்டிய அறையில் துணி போர்த்தி நிற்கும் திறன்பலகைகளையும் பார்த்திருக்கிறேன். பழுதுபார்க்க ஆள் வரவில்லை என்பார்கள். கருவி இருந்தும் பயன்படாமல் போவது நம் குறை மட்டுமில்லை. பெரு நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தும் கற்றல் உயரவில்லை. கற்பிக்கும் முறையோடு அவை சேரவில்லை என்கிறது 2023இல் வெளிவந்த யுனெஸ்கோ அறிக்கை. மாறாக, தமிழ்நாடு 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் செயலி இருப்பது ஆசிரியரின் கைத்தொலைபேசியில். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அவர் அதில் பதிகிறார். பிள்ளையின் கைக்கு அட்டையும் பாட்டும் விளையாட்டும். இந்த ஒழுங்கு எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரே ஆசிரியர் தரம் 1, தரம் 2 இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சிறிய பாடசாலைகளை நினையுங்கள். ஒரு மூலையில் சிறிய ஒலிபெருக்கி கதை வாசிக்க, தரம் 2 பிள்ளைகள் புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடரலாம். அந்தப் பத்து நிமிடம் ஆசிரியை சின்னவர்களோடு தரையில் உட்கார்ந்து ‘அ’வை எழுதக் கை பிடிக்கலாம். கருவி அவருக்கு வாங்கித் தரக்கூடியது அந்தப் பத்து நிமிடம்தான். அது பெரிய விஷயம்.

யாருடைய குரலில் அந்தக் கதை? இந்தியாவில் பதிந்த காணொளிகள் ஏராளம் கிடைக்கின்றன. அவற்றில் பால்வெட்டும் கொழுந்துக்கூடையும் பிள்ளைக் காம்பராவும் வருவதில்லை. நம் தோட்டத்துப் பாட்டிமாரின் கதைகளை நாமே பதிய வேண்டும். பிள்ளைகளின் குரல்களை யார் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதையும் பெற்றோர் முன்னிலையில் இன்றே பேசுவோம்.

ஆய்வுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் தரம் 1 ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு உரைக்கும் முதற்கேள்வியை அவர்களே கேட்பார்கள்; அமர்வுத் தலைவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொன்ன பிறகு மற்றவர்கள் கேட்கலாம்.