பழமும் பயமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு உயர்கல்வியைப் பற்றியது. நான்தான் கேட்டு மாற்றிக்கொண்டேன். கல்லூரி விழாவில் வந்து ஒண்ணாம் வகுப்பு, மூணாம் வகுப்பு என்று பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். மூன்றாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு படித்துத்தான் மற்றதையெல்லாம் கற்றாக வேண்டும். அங்கே தட்டிப்போனால் இந்தக் கல்லூரி வாசல் வரை வருவது மிகவும் கடினம். வந்தாலும் பரீட்சைத் தாளில் நாலு வாக்கியம் சொந்தமாக எழுதத் திணறுகிறான். இது இங்குள்ள ஆசிரியர்கள் அறிந்த சங்கதிதான்.

பிள்ளைக்குப் படிக்க வருகிறதா, எழுத வருகிறதா என்று எப்படிப் பார்க்கிறோம்? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கரும்பலகையில் 'பழம்' என்று எழுதுகிறார். பையன் அதைப் பார்த்து முத்து முத்தாக நோட்டில் எழுதிவிடுகிறான். நோட்டு முழுக்க 'ரைட்'. அவனிடம் நடுவிலுள்ள 'ழ'வைத் தொட்டு, "இது என்ன எழுத்துப்பா?" என்று கேட்டால் விழிக்கிறான். அடுத்து ஒரு பெண் பிள்ளை. பலகையை அழித்துவிட்டு, வாயால் சொல்லி எழுதச் சொன்னால் 'பயம்' என்று எழுதுகிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

இந்த இருவரில் யாருக்கு எழுதத் தெரியும்? அந்தப் பெண்ணுக்குத்தான். நம்ம பக்கத்தில் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்கிற வீடுகள் எத்தனை! அவள் காதில் விழுந்த ஒலிக்கு உரிய எழுத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். அவளுக்குக் கற்றுத்தர வேண்டியது ஒரு ழகரம்; ஒரு வார வேலை. பையனுக்கு எழுத்து என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ஆனால் மதிப்பெண் அவனுக்கு முழுதாகவும் அவளுக்குச் சுழியாகவும் விழுகிறது. அவனுக்கு உதவி தேவை என்பதே யாருக்கும் தெரியாமல் அவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடுவான்.

வாசிப்பிலும் இதே கதைதான். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடத்தை ராகம் போட்டு ஒப்பிக்கும்போது கேட்க இனிமையாக இருக்கும். அதில் எத்தனை பேர் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள், எத்தனை பேர் பக்கத்துப் பிள்ளையின் குரலைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்? மனப்பாடம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது வாசிப்பு ஆகாது, அவ்வளவுதான். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே அந்த எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரலும் வாயும் சேர்ந்து வேலை செய்யும். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைச் சென்னையில் பார்த்து, எழும்பூரில் தாம் நடத்திய அனாதைப் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். இன்றைக்கோ பலகையைப் பார்த்து வாய்மூடி எழுதுகிற பழக்கம்தான் மிச்சம்.

பிரதம் என்ற அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்குப் போகாமல் கிராமத்து வீட்டுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, ஒரு சின்னக் கதை என்று நாலு படி. எந்தப் படி வரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாட அளவிலான கதையைப் படித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனாவால் 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்ததை மறக்கக்கூடாது. 2024 ஆய்வில் அந்த அளவு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இருந்தாலும் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிற எண்ணிக்கை இல்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். தமிழைப் படிப்பதில் உள்ள பாரத்தையும் பாருங்கள். 247 எழுத்து. 'கொ' என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, கடைசியில் கால், நடுவில் ககரம். ஆனால் வாயில் முதலில் வரவேண்டியது ககரம். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் தும்பிக்கை வைத்த 'லை' எழுதிப் பழகியவர்கள் இந்த அவையிலே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல், 12 எழுத்து. ஆங்கிலத்தில் அது மூன்று சொல். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களாவது படிக்க வேண்டும் என்கிறது. சொல்லை எண்ணும்போது எந்த மொழியின் சொல் என்றும் பார்க்கத்தான் வேண்டும்.

நம்ம ஊருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோட்டை வரைபடத்தில் போடலாம், வீட்டுக்குள் போட முடியுமா? வீட்டில் தெலுங்கு, தெருவில் இரண்டும், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். அது இருக்கட்டும். அந்தப் பிள்ளையிடம் கோழிப் படத்தைக் காட்டினால் 'கோடி' என்று எழுதும். தெலுங்கில் கோழிக்குப் பெயரே கோடிதான்! இதற்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் என்ன நியாயம்? அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறது. தெரியாதது ஒரு தமிழ்ச் சொல். திருவள்ளூர்ப் பக்கச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கஷ்டம்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்துப் பாடம் தருவது. பிடிக்காதது, பிள்ளைக்கு எதிரே உட்கார வேண்டிய ஆசிரியர் செல்போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் இது சின்ன விஷயமில்லை. ஃபெயில் போட்டால் சரியாகும் என்பாரும் உண்டு. 2024 டிசம்பரில் மத்திய அரசு ஐந்திலும் எட்டிலும் அதற்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 'ழ' தெரியாத பையனை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரவைத்து, மறுபடியும் பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் மட்டும் 'ழ' வந்துவிடுமா?

இப்போது சங்கத்துக்கு என் விண்ணப்பம். மின்விசிறியும் பெயர் பொறித்த பெஞ்சும் கொடுத்தோம்; நல்லதுதான். இந்த ஆண்டு ஆளைக் கொடுப்போம். தலைமையாசிரியரின் அனுமதியோடு, மாதம் ஒரு நாள், ஒருவர் ஒரு பிள்ளையோடு கால் மணி நேரம். பாடப்புத்தகத்தில் இல்லாத நாலு அட்டை: எழுத்து, சொல், பத்தி, கதை. பிறகு சொல்வதை எழுதுதலில் ஐந்து சொல், சொந்தமாக ஒரு வாக்கியம். தவறாக எழுதினால் அடிக்காமல், "நீ இதை எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே குறித்து ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். தெலுங்கு தெரிந்த மாணவர்கள் முன்வந்தால் ரொம்ப உபயோகம். ரேங்க் போடக்கூடாது, பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டக்கூடாது. போட்டோ பிடித்துப் பேப்பரில் போடுவதும் வேண்டாம். இது இன்ஸ்பெக்ஷன் என்று ஆசிரியர்கள் நினைத்துவிட்டால் காரியம் கெட்டது. உங்களில் பலர் அந்தந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள். 2024-இல் மாற்றி அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அந்த வழியாகப் போனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். பந்தியின் வாசலில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். வர முடிந்தவர்கள் பெயர், ஊர், எந்த சனிக்கிழமை சௌகரியம் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். தெலுங்கு பேசத் தெரியும் என்றால் பக்கத்தில் ஒரு 'தெ' போட்டுவிடுங்கள்.