ஒளி ஓரிடம், சாம்பல் ஓரிடம்

(ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் உழவரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னாற்றலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரகடத்தினும் பொருத்தமான ஊர் தமிழகத்தில் வேறில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கொரிய நிறுவனத்தின் மகிழுந்து ஆலை உருவாக்கத்தைத் தொடங்கியது. அதன் பின்னர் திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என ஏரிநீர் பாய்ந்த நிலங்கள் ஒவ்வொன்றாகச் சிப்காட் வளாகங்களாயின. மகிழுந்தும் கைப்பேசியும் கண்ணாடியும் இங்கிருந்து கடல் கடந்து போகின்றன. இங்கே இரவு என்பதே இல்லை. அணையாத இவ் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர் யார் என்று கேட்பதற்காகவே நாம் கூடியிருக்கிறோம்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பாருங்கள். வடகிழக்கே எண்ணூர். தென்கிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கல் தொலைவில் கல்பாக்கம். தெற்கே நெய்வேலி. தென்கோடியில் கூடங்குளம். மின்னாற்றல் எல்லாம் ஒரே வலையில் கலந்து வருவதால், இன்ன ஆலையின் விளக்கில் எரிவது இன்ன ஊரின் கரி என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் எந்த ஊரின் தலையில் எது விழுகிறது என்பதைத் தெளிவாகவே பிரித்துச் சொல்லலாம்.

எண்ணூரை முதலில் பார்ப்போம். அங்கே 1970-இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. மூடியதோடு ஊர் மீண்டதா? இல்லை. அதற்கு முன்பே வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்துவிட்டது. அதன் இரண்டாங் கட்டம் வந்தது. 1,500 மெகாவாட்டு வல்லூர் நிலையம் வந்தது. 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டு மூன்றாங் கட்டமும் தொடங்கி வைக்கப்பட்டது. ஒடியா நாட்டின் தால்ச்சேர்ச் சுரங்கங்களிலிருந்து பாரதீப்புத் துறைமுகம் வழியே கப்பலில் கரி வருகிறது. இந்நாட்டு நிலக்கரியின் இயல்பு, நூறு மூட்டை எரித்தால் முப்பது மூட்டைக்கு மேல் சாம்பலாக எஞ்சுவது. அச் சாம்பலை நீரில் கரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியே சாம்பற் குளத்திற்குத் தள்ளுகிறார்கள். குழாய் வெடித்தால் கூழ் கழிமுகத்தில் பாய்கிறது. ஒரு நாள், இரு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் பாய்ந்தது.

கழிமுகம் என்பது கடலும் ஆறும் கலக்குமிடம். இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் தொட்டில். அங்கே வலைகூட இல்லாமல், இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடிகள் உண்டு. அவர்கள் கைக்கு இன்று அகப்படுவது சாம்பற் சேறு. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 சூலையில், கெடுத்தவரே சீர்செய்ய வேண்டும் என்னும் நெறிப்படி மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்புரைத்தது. தீர்ப்பு வந்ததற்கு மகிழ்வோம். அதற்குள் ஒரு தலைமுறை மீன்பிடித் தொழிலை விட்டே போய்விட்டது என்பதை யார் சீர்செய்வது?

இந்த ஆறு எந்த ஆறு தெரியுமா? கொற்றலையாறு. கொசத்தலையாறு என்று வழங்குகிறோம். இவ் ஆற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில்தான் பதினைந்து நூறாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கற்கருவிகள் கிடைத்தன என்று 2011-இல் ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தார்கள். மாந்தக் கை இத்தனை நெடுங்காலம் புழங்கிய ஆற்றின் வாயை ஐம்பதே ஆண்டில் சாம்பலால் அடைத்தோம்.

அங்கே கட்டப்பட்டு வரும் இன்னோர் அனல்மின் நிலையத்தில், 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலும் அசாமிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 'வடவர் வந்து வேலையைப் பறிக்கிறார்' என்று முழங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். ஒடியா நாட்டு இளைஞன் ஒருவன் இவ் ஒரகடத்தில் உங்களோடு பணி செய்கிறான் என்றால், அவனுடைய நாட்டுக் கரியும் இங்கே வருகிறது, அவனும் இங்கே வருகிறான். பறித்தவன் அவன் அல்லன்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2006-இல் இங்கே உருவாக்கத்தைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் உருவாக்கத்தை நிறுத்தியது. நம் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். ஆலை நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அவ் எட்டாண்டுக் காலம் எரித்த கரியின் சாம்பல் எங்கும் போகவில்லை.

நெய்வேலியை நீங்கள் அறிவீர்கள். 1956-இல் நடுவண் அரசின் நிறுவனமாக எழுந்தது. நிலம் கொடுத்த குடிகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் நிலைத்த வேலை கேட்டு வாயிலில் நிற்கிறார்கள். 2023 சூலையில் வளையமாதேவியில், கதிர் வாங்கும் நிலையிலிருந்த நெற்பயிரின் மீது மண்ணள்ளும் பொறியை ஏற்றி வாய்க்கால் வெட்டினார்கள். சோற்றை மிதித்து மின்னாற்றல் எடுக்கும் துணிவு எங்கிருந்து வருகிறது? முடிவெடுக்கும் இடம் தொலைவில் இருப்பதிலிருந்து வருகிறது. அதே ஆண்டு காவிரிப் படுகையின் மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து நாடே எழுந்தபோது, தில்லி அவற்றை நீக்கியது. எழுந்தால் நீக்குவார்கள்.

இனி அணுவுலை. அதில் புகை இல்லை என்பார்கள். மெய்தான், உலகம் சூடேறும் இந்நாளில் அவ் வழக்கை எளிதாக ஒதுக்கவும் கூடாது. ஆனால் புகையில்லாத அடுப்பிலும் சாம்பல் உண்டு. எரிந்த எரிபொருளில் விளையும் புளூட்டோனியத்தின் நச்சு பாதியாகக் குறையவே 24,100 ஆண்டுகள் ஆகும். கீழடியின் பழமை 2,600 ஆண்டு என்று பெருமை கொள்கிறோமே, அதைப்போல் ஒன்பது மடங்குக் காலம் காவல் காக்க வேண்டிய குப்பை இது. கூடங்குளத்திற்காக 1988-இல் சோவியத்து நாட்டோடு செய்த உடன்படிக்கையில் அக் குப்பையை அவர்களே எடுத்துச் செல்வதாக இருந்தது. பின்னர் அது மாற்றப்பட்டது. மாற்றுமுன் இடிந்தகரை மக்களைக் கேட்டவர் யார்?

அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் அணுவாற்றல் ஆறாம் இனம். தமிழக அமைச்சரவை 2011 செப்டம்பரில், மக்களின் அச்சம் நீங்கும்வரை கூடங்குளப் பணியை நிறுத்துக என்று தீர்மானித்தது. 2012 மார்ச்சில் அதே அமைச்சரவை பணி தொடர இசைந்தது. இடையில் நடந்தது என்ன? மின்வெட்டு. சிற்றூர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் இருள். இருண்ட வீட்டாரிடம், 'உங்கள் விளக்குக்குத் தடையாக நிற்பவர் அக் கடற்கரை மக்களே' என்று சொல்லப்பட்டது. தமிழனுக்கு எதிராகத் தமிழனை நிறுத்தியது அவ் இருட்டு. இரண்டக வழக்குகள் குவிந்தன. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் காவலர் குண்டுக்கு இரையானார். உலை ஓடத் தொடங்கியபின் முதலிரண்டு அலகுகளின் 2,000 மெகாவாட்டில் தமிழகத்திற்கு வந்தது ஏறத்தாழச் செம்பாதி. இடரில் மட்டும் பங்கு பிரிக்கப்படவில்லை.

கல்பாக்கம் உங்களுக்கு அண்டை ஊர். அங்குள்ள எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் 2003 சனவரியில் ஆறு பணியாளர் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஊர் அதை அறிய மாதங்கள் ஆயின. 2010-ஆம் ஆண்டுச் சட்டம், உலை நடத்துவோரின் இழப்பீட்டுப் பொறுப்பை 1,500 கோடி உருபாவுக்குள் அடக்கியது. ஆயினும் கருவி பழுதுடையதாயின் விற்றவனிடம் ஈடு கேட்கும் உரிமையைத் தந்தது. 2025 திசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய புதுச் சட்டம் அவ் உரிமையை எடுத்துவிட்டு, அணுவுலைத் தொழிலைத் தனியார்க்கும் திறந்தது. போபாலை அறிந்த நாட்டில் இச் சட்டம்!

அப்படியானால் ஆலைகளை மூடுவதா என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். இல்லை, தம்பி. உம் வேலை உமக்கு வேண்டும். காற்றாலையில் மட்டும் தமிழகத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டுள்ளது. காற்று மிகுந்த திங்களிலேயே அவற்றை நிறுத்தி வைக்கச் சொன்ன காலமும் உண்டு. இவ் ஆலைக் கூரைகளைப் பாருங்கள். எத்தனை கூரை வெயிலை வீணே குடித்துக்கொண்டிருக்கிறது! கரியிலும் அணுவிலும் புதிதாக ஓர் அலகு கேட்குமுன், இருப்பதை முழுவதும் பயன்படுத்தினோமா என்று கேட்க வேண்டும்.

மே முதல் நாள் உங்கள் ஊர்மன்றம் கூடும். அங்கே மூன்று கேள்விகளை எழுத்தில் வையுங்கள். நம் எல்லைக்குள் உள்ள ஆலைகள் எவ்வளவு மின்னாற்றல் கொள்கின்றன? அதில் எவ்வளவு காற்றும் கதிரவனும் தருவது? எண்ணூர்க் கழிமுகத்தைச் சீர்செய்யும் பணி எந்த அளவில் உள்ளது? விடை எழுத்தில் வரும்வரை அடுத்த கூட்டத்திலும் அதற்கடுத்த கூட்டத்திலும் இதே தாளை நீட்டுங்கள். தீர்மானத்தின் படியொன்றை எண்ணூருக்கும், மற்றொன்றை இடிந்தகரைக்கும் அனுப்பி வையுங்கள்.