முன்னோர் விட்டுச்சென்ற கட்டடங்களும் நமது பொறுப்பும்: பினாங்கு நகரம் உணர்த்தும் பாடம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

இன்றைய கூட்டத்தின் பொருள் நிரலில் ஒரு தீர்மானம் இடம்பெற்றுள்ளது. பள்ளிவாசல் தெருவில் உள்ள நமது வக்ஃபுக் கடைகளையும், அவற்றை ஒட்டிய பழைய மதரஸாக் கட்டடத்தையும் இடித்துவிட்டு, அவ்விடத்தில் மூன்று அடுக்கு வணிக வளாகம் எழுப்புவது என்பதே அது. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும் முன், சில செய்திகளை உங்கள் முன் வைக்குமாறு நிர்வாகக் குழு பணித்துள்ளது. அதற்காக உங்களைக் கடல் கடந்து பினாங்குக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

பினாங்கு நமக்கு அந்நியமான ஊர் அன்று. நமது மஹல்லாவில் மூன்று தலைமுறைக்கு முன் சபராளிகளாகக் கப்பலேறியவர்களின் குடும்பங்கள் பல இக்கூட்டத்தில் அமர்ந்துள்ளன. இன்று இடிக்கலாமா என்று நாம் விவாதிக்கும் மதரஸாவின் தேக்குத் தூண்கள், அவ்வாறு சென்றவர்கள் அனுப்பிய பொருளால் வாங்கப்பட்டவை என்றே நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1786 ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகரைத் தோற்றுவித்தார். அந்நகரின் தொடக்கக் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே குடியேறினர். சூலியர் என்று அவர்கள் அழைக்கப்பட்டதால் ஒரு வீதிக்கே சூலியா வீதி என்ற பெயர் நிலைத்தது. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த வணிகரும் அச்சமூகத்தின் கப்பித்தானாக விளங்கியவருமான காதர் முகைதீன் அவர்களின் முயற்சியால், 1801 ஆம் ஆண்டு கம்பெனி வழங்கிய நிலத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உருவாயிற்று. அந்நிலத்தின் பரப்பு 18 ஏக்கர். அதே சூலியா வீதியில் நாகூர் தர்காவின் நினைவாக எழுப்பப்பட்ட தர்காவும் இன்றளவும் நிற்கிறது.

இத்தனை பழைய நகரம் இடிபடாமல் தப்பியது எவ்வாறு? அது ஏதோ தொலைநோக்குத் திட்டத்தின் விளைவு என்று எண்ணிவிட வேண்டாம். முதற்காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தவும், குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் இயலாதவாறு 1966 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இதனால் சிறு வணிகரும் கைவினைஞரும் குறைந்த வாடகையில் நகரின் நடுவிலேயே வாழ்ந்தனர். உரிமையாளர்களும் கட்டடங்களை இடிக்க வழியின்றி இருந்தனர். ஆயினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர்கள் ஓடு மாற்றவும் சுவர் பூசவும் முன்வரவில்லை. கட்டடங்கள் நின்றன, ஆனால் நலிந்து நின்றன.

1997 இல் அச்சட்டத்தை நீக்க முடிவு செய்யப்பட்டு, இடைக்கால அவகாசத்திற்குப் பின் 2000 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முற்றிலும் விலகியது. அதன் இடத்தில் குடியிருப்போருக்குப் போதிய மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. வாடகைகள் பன்மடங்கு உயர்ந்தன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. பல வீடுகள் பூட்டப்பட்டன, சில இடிக்கப்பட்டன. ஒரு சட்டம் செய்த நன்மையையும் தீமையையும் எடை போடாமல், மாற்று வழி வகுக்காமல் அதனை நீக்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதன் பின்னரே உள்ளாட்சியும் மாநில அரசும், 1986 முதல் இயங்கிவரும் பினாங்கு மரபுடைமைக் கழகம் போன்ற தன்னார்வ அமைப்புகளும் எடுத்த முயற்சிகள் பலன் தரத் தொடங்கின. 2008 ஜூலை 7 ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதியாக 109.38 ஹெக்டேரும், அதனைச் சூழ்ந்த காப்புப் பகுதியாக 150.04 ஹெக்டேரும் வரையறுக்கப்பட்டன. நம் கணக்கில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 640 ஏக்கர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சூலியா வீதித் தர்காவும் இந்த எல்லைக்குள் அடங்குவன. மாரியம்மன் கோயில், சீனர் ஆலயம், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகிய யாவும் அதே பள்ளிவாசல் வீதியின் ஓரத்தில் அடுத்தடுத்து நிற்பது அந்நகரின் தனிச்சிறப்பு.

பட்டியலில் சேர்ந்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு உடனே ஒரு சோதனை வந்தது. மரபுடைமைப் பகுதியில் கட்டடங்களின் உயரம் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் அதற்கு முன்பே நான்கு உயரமான விடுதித் திட்டங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தது. கட்ட விட்டால் உலக அங்கீகாரம் பறிபோகும் அச்சம். தடுத்தால் நட்டஈடு கோரி வழக்கு வரும் அச்சம். 2009 இல் யுனெஸ்கோவின் குழு நேரில் வந்து ஆராய்ந்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் உயரத்தைக் குறைக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அனுமதி கொடுத்த பின் விதி வகுப்பதைவிட, விதி வகுத்த பின் அனுமதி கொடுப்பதே மலிவு என்பதை அந்நகரம் அன்று கற்றுக்கொண்டது.

இதன் பிறகு அமைப்புகள் வலுப்பெற்றன. 2009 இல் திங்க் சிட்டி என்ற நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டு, 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டத்தைக் கையாண்டது. பழைய கட்டடத்தின் உரிமையாளர் முறைப்படி பழுது பார்க்க முன்வந்தால் செலவில் ஒரு பங்கை மானியமாகப் பெற முடிந்தது. 2010 இல் மாநில அரசு ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நிறுவனத்தை நிறுவியது. நகராண்மைக் கழகம், அதாவது நம் வழக்கில் நகராட்சி, பழைய கட்டடங்களைத் தரம் பிரித்து, எதனைத் தொடக்கூடாது, எதனை எந்த அளவுக்கு மாற்றலாம் என்று வகுத்தது. 2015 இல் அது மாநகர் மன்றமாக உயர்ந்தது. 2016 இல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வெளியானது.

விதி வகுப்பதோடு நின்றுவிடாமல் நடைமுறையிலும் சில கடினமான முடிவுகள் எடுக்கப்பட்டன. வெறிச்சோடிய பழைய வீடுகளில் பறவைக்கூட்டு வணிகத்திற்காகச் சன்னல்களை அடைத்து, உள்ளே ஈரப்பதத்தை ஏற்றிக் குருவி வளர்த்து வந்தனர். அந்த ஈரம் மரத்தையும் சுவரையும் அரித்தது. 2013 இறுதிக்குள் மரபுடைமைப் பகுதியிலிருந்து அவற்றை அகற்றுமாறு நகராண்மைக் கழகம் கெடு விதித்தது. வருவாய் தரும் தொழில்தான். ஆயினும் கட்டடத்தைத் தின்று வளரும் வருவாய் நிலைக்காது என்பதால் அம்முடிவு.

மற்றொன்று சுண்ணாம்பு பற்றியது. இதனை நம் கொத்தனார் சகோதரர்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம். பழைய செங்கற்சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு படிந்து, செங்கல் பொடியாகிறது. ஆகவேதான் அங்கே பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பைக் கொண்டே பழுது பார்க்க வலியுறுத்துகின்றனர். நமது மதரஸாவின் வடக்குச் சுவர் உதிர்வதைக் காட்டித்தான் கட்டடம் உறுதியிழந்தது என்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அதே சுவருக்குச் சிமெண்ட் பூசியவர்கள் நாமே என்பதை மறந்துவிட்டோம்.

பெரியோர்களே! பினாங்கின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, ஆனால் அவற்றில் வாழ்ந்த மக்களைத் தக்கவைக்க இயலவில்லை. 2009 இல் மரபுடைமைப் பகுதியில் வசித்தோர் ஏறத்தாழ 10,000 பேர் மட்டுமே; பின்னர் அதுவும் குறைந்தது. குடியிருப்புகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. சுவர் பளபளக்கிறது, சுவருக்குள் வாழ்ந்த குடும்பம் வேறெங்கோ இருக்கிறது. இந்தக் குறையை அந்நகரத்தாரே வெளிப்படையாகப் பேசி வருகின்றனர்.

இன்னொரு பாடம் நேரடியாக நம் போன்ற நிர்வாகிகளுக்கே உரியது. காதர் முகைதீன் பெற்ற அந்த 18 ஏக்கர் என்னவாயிற்று? காலப்போக்கில் வக்ஃபுச் சொத்தின் நிர்வாகம் சீர்குலைந்தது. 1905 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆங்கிலேய அரசு முகம்மதிய, இந்து அறக்கட்டளை வாரியத்தை அமைத்துப் பொறுப்பை ஏற்றது. பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டன. இன்று பள்ளிவாசலைச் சூழ்ந்து காணப்படும் திறந்தவெளியின் அழகுக்குப் பின்னால் வீடிழந்த குடும்பங்களின் வரலாறும் இருக்கிறது. கூ சல்மா நசுத்தியோன் அவர்கள் 2014 இல் வெளியிட்ட சூலியர் பற்றிய ஆய்வு நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. பொறுப்பாளர்கள் பொறுப்பை மறந்தால், முடிவெடுக்கும் உரிமை வேறொருவர் கைக்குப் போகும்.

இப்போது நமது தெருவுக்குத் திரும்புவோம். பள்ளிவாசலை விரிவுபடுத்தியபோது பழைய ஹவுளை மூடினோம். அதன் படிக்கட்டில் அரபுத்தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கல் இருந்தது. எவரும் படியெடுக்கவில்லை, எவரும் புகைப்படம் எடுக்கவில்லை. அது இடிபாட்டோடு லாரியில் ஏறிப் போயிற்று. கட்டியவர் பெயரா, ஆண்டா, வக்ஃபு செய்தவரின் நிபந்தனையா, அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று சொல்வார் இல்லை. அந்தத் தவற்றுக்கு வெளியார் எவரும் காரணமல்லர். நிர்வாகத்தில் இருந்த நாமே காரணம்.

வணிக வளாகம் வேண்டும் என்போரின் வாதத்தில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். மதரஸா ஆசிரியர்களின் ஊதியம் கடைகளின் வாடகையிலிருந்தே வருகிறது. அந்த வாடகை போதவில்லை. வக்ஃபு என்பது காட்சிப் பொருள் அன்று. அதன் பயன் மக்களைச் சேர வேண்டும். ஆயினும் வருவாய்க்கு ஒரே வழி இடிப்பதுதானா என்ற வினாவுக்கு நாம் இன்னும் விடை தேடவில்லை. கடைகளுக்குப் பின்புறம் காலி மனை கிடக்கிறது. புதிய கட்டடத்தை அங்கே எழுப்பி, முகப்பில் உள்ள பழைய கடைகளைப் பழுது பார்த்து நிறுத்த முடியுமா என்று இதுவரை எந்தப் பொறியாளரிடமும் நாம் கேட்டதில்லை.

ஆகவே நிர்வாகக் குழு பின்வரும் கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறது. முதலாவதாக, இடிப்புத் தீர்மானத்தை ஆறு மாத காலத்திற்கு ஒத்திவைக்க வேண்டும். இரண்டாவதாக, அதற்குள் கட்டடங்களை முழுமையாக அளந்து வரைபடம் எடுத்து, ஒவ்வொரு தூணையும் கதவையும் கல்லெழுத்தையும் புகைப்படமாகப் பதிவு செய்ய வேண்டும். நம் கல்லூரி மாணவர்கள் இப்பணியை ஏற்க முன்வந்துள்ளனர். மூன்றாவதாக, சுண்ணாம்பு வேலை அறிந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு பழுதுச் செலவுக்கும் புதுக் கட்டடச் செலவுக்கும் தனித்தனியே மதிப்பீடு பெற வேண்டும். நான்காவதாக, எந்த முடிவாயினும், அக்கடைகளில் நெடுங்காலம் தொழில் செய்துவரும் வாடகைதாரர்களை, அவர்கள் எச்சமயத்தவராயினும், அழைத்துப் பேசிய பின்னரே எடுக்க வேண்டும். சுவரைக் காத்து மக்களை இழந்த பினாங்கின் குறை நமக்கும் நேர வேண்டாம்.

ஆறு மாதங்களுக்குப் பின் மதிப்பீடுகளைப் பார்த்து, இடிப்பதே சரி என்று பொதுக்குழு முடிவு செய்தால், அதற்கு நாங்கள் கட்டுப்படுவோம். ஆனால் அன்று, எதனை இழக்கிறோம் என்று அறிந்தே இழப்போம். ஹவுளின் கல்லைப் போல அறியாமல் இழக்க மாட்டோம்.

சபர் சென்ற நம் முன்னோர் அந்நிய மண்ணில் பள்ளிவாசல் எழுப்பினார்கள். அங்குள்ள அரசும் நகராட்சியும் பல்வேறு இனத்தாரும் சேர்ந்து அதனைக் காத்து வருகின்றனர். அவர்கள் சொந்த ஊரில் விட்டுச்சென்றதைக் காக்க நமக்கு எந்த யுனெஸ்கோவின் அங்கீகாரமும் தேவையில்லை. இந்தப் பொதுக்குழுவின் ஒரு முடிவு போதும். அம்முடிவை நிதானத்துடனும் நீதியுடனும் எடுக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.