நெட் இல்லாத கணினிக்கு ஒரு பேக்கப்



கோவையிலோ ஓசூரிலோ ஒரு சிஎன்சி பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கணினி ஒன்று இருக்கும். பல இடங்களில் அதில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது, சில இடங்களில் எக்ஸ்பி. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரியிலும் கைகழுவிவிட்டது. அதனால் அந்தக் கணினிக்கு நெட் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஸ்கேன் சென்டரில் இயந்திரத்தோடு வந்த கணினியும், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குக்கென்றே ஒதுக்கிய கணினியும் இதே ரகம்தான். இவற்றில் உள்ள ஃபைல்களுக்கு பேக்கப் ஏற்பாடு செய்து தருகிறவர்களின் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதை ஒரு கலை என்றே நினைக்கிறேன்.

நெட் இருக்கும் கணினியில் இதில் கலை எதுவும் கிடையாது. மென்பொருளை இறக்கி, நாலு தடவை ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் முடிந்தது. தேவையான துணை ஃபைல்கள் தாமாக வந்து சேரும், கடிகாரம் தானாகச் சரியாகும், பேக்கப் தவறினால் மெயில் வரும். நெட் இல்லாத இடத்தில் இதில் ஒன்றும் நடக்காது. கடையே இல்லாத மலையூருக்குச் சமைக்கப் போகிறவர் உப்பு முதல் தீப்பெட்டி வரை யோசித்து எடுத்து வைப்பாரே, அந்த யோசனைதான் இங்கே பாதி வேலை.

கைதேர்ந்தவர் முதல் தடவை வெறுங்கையோடு வருவார். விண்டோஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, டிஸ்கில் எவ்வளவு இடம் காலி, யுஎஸ்பி போர்ட் எந்தக் காலத்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவார். அவசரக்காரர் பென்டிரைவோடு வந்து இறங்கி, இரண்டு எம்பி அளவே உள்ள ஒரு இன்ஸ்டாலரைத் திறப்பார். அது மீதியை நெட்டிலிருந்து இழுக்கும் வகை, பாதி வழியில் நின்றுவிடும். முழு இன்ஸ்டாலரையே கொண்டுவந்தாலும் டாட்நெட் எங்கே, விஷுவல் சி பிளஸ் பிளஸ் எங்கே என்று கேட்கும். லினக்ஸ் என்றால் ஒரு பொதி நான்கைக் கேட்கும், அந்த நான்கு பத்தைக் கேட்கும். எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, ‘லாகின் செய்யுங்கள்’ என்று நிற்கிற மென்பொருள்களும் உண்டு. அழகான திரை, விலையும் அதிகம். அப்படிப்பட்டவற்றை வாசலோடு திருப்பி அனுப்புவதே நல்லது.

எனக்குப் பிடித்தவை எதையும் கேட்காத மென்பொருள்கள். ரெஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். மொத்தமும் ஒரே ஃபைல். இன்ஸ்டால் என்ற பேச்சே இல்லை, காப்பி செய்தால் ஓடும். மாறிய பகுதிகளை மட்டும் சேமிக்கும், எல்லாவற்றையும் பூட்டியே வைக்கும். ஒரு சிக்கல், அது எழுதப்பட்டிருப்பது கோ மொழியில். கோ 1.21 முதல் விண்டோஸ் 7-க்கு ஆதரவு இல்லாததால், பழைய கணினிக்குப் பழைய பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால் விஸ்டா காலம் முதல் விண்டோஸுக்குள்ளேயே ரோபோகாப்பி இருக்கிறது. திரையில் வெறும் எழுத்துதான், அழகில்லை. ஆனால் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கும் ஆளை யாரும் வெளியிலிருந்து அழைத்துவர வேண்டியதில்லை.

பென்டிரைவைப் பற்றி ஒரு வார்த்தை. நெட் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைப்பவர்களுக்கு 2010-ல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட்டை நினைவுபடுத்த வேண்டும். ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்த அந்த வைரஸ் யுஎஸ்பி வழியாகவும் பரவக்கூடியது. ஆகவே கொண்டுவந்த ஃபைல், அதை உருவாக்கியவர்கள் வெளியிட்டதேதானா என்று பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 என்ற கணக்குப்படி 64 எழுத்துகளும் எண்களுமாக ஒரு கைரேகை உண்டு. நெட் உள்ள கணினியில் அதைப் பார்த்து, தாளில் அச்சடித்து எடுத்துவர வேண்டும். அதே பென்டிரைவில் போட்டு எடுத்துவந்தால், ஃபைலை மாற்றியவன் அதையும் மாற்றியிருப்பான். விண்டோஸ் 7 முதல் செர்ட்யூட்டில் என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது, அது இந்தக் கைரேகையைக் காட்டும். பிறகு திரையையும் தாளையும் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். சலிப்பான வேலைதான், இரண்டு நிமிடம் ஆகும்.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். மதர்போர்டில் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி ஒன்று இருக்கும், விலை சொற்பம். அது தீர்ந்துபோனால், கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். நெட் இருந்தால் உடனே சரியாகும், இங்கே யாரும் கவனிக்கமாட்டார்கள். பேக்கப் மென்பொருளிடமோ ‘கடைசி 7 நாள் நகலை வை, 4 வார நகலை வை, பழையதை அழி’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். இன்று எடுத்த நகலின் மேல் 2009 என்று தேதி விழுந்தால், அதன் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பழசு. இன்றைய நகலை அழித்துவிட்டு, போன மாதத்து நகலைப் பத்திரமாக வைத்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஏனென்றால் அது பிழையே செய்யவில்லை. விஷயம் தெரிந்தவர் மென்பொருளைத் தொடும் முன் அந்த பேட்டரியை மாற்றிவிடுவார்.

விண்டோஸில் நேரம் குறித்து வேலை வாங்குவதற்கு டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. அதன் உள்ளே சில டிக் பெட்டிகள். இரவு இரண்டு மணிக்கு என்று குறித்துவிட்டு வந்தால், ஷிஃப்ட் முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டுப் போவார்கள். தவறிய வேலையைக் கணினி திரும்ப வந்ததும் செய் என்ற பெட்டி, நாமாக டிக் செய்தால்தான் உண்டு. லாகின் செய்யாமலும் ஓட வேண்டும் என்று கேட்டால் பாஸ்வேர்டு கேட்கும். இந்தக் கணினிகளில் பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது, அப்படியானால் வேலை ஓடாது. டிரைவ் எழுத்து இன்னொரு தொல்லை. நேற்று ஈ-யாக இருந்த ஹார்டு டிஸ்க், இடையில் யாரோ பென்டிரைவ் செருகியதால் இன்று எஃப். எக்ஸ் போன்ற கடைசி எழுத்து ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. லினக்ஸில் இது இன்னும் விஷமமானது. டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்தால், அது இருக்க வேண்டிய வெற்று ஃபோல்டருக்குள்ளேயே பேக்கப் எழுதிக்கொண்டு போகும். எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரியும், நகலோ அசல் இருக்கும் அதே டிஸ்கில் கிடக்கும்.

பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் உள்ள புரோகிராம் ஃபைல்களை மட்டும் நகல் எடுத்தால் போதாது. ஃபேனக் போன்ற கன்ட்ரோல்களில் இயந்திரத்தின் பாராமீட்டர்கள் அதன் சொந்த நினைவகத்தில், பேட்டரியின் தயவில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த பேட்டரி போனால் அவையும் போகும். அவற்றை மெமரி கார்டில் தனியாக இறக்கி, கணினியின் பேக்கப்போடு சேர்த்துவிட வேண்டும்.

நகல் எடுத்து முடித்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ், மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகம் முழுக்க நாசம் செய்தது. நிறுவனத்துக்கு அடிப்படையான டொமைன் கன்ட்ரோலர் கணினிகள் சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கொன்று நகலாக இருந்ததால் தனி பேக்கப் தேவையில்லை என்று இருந்துவிட்டார்கள். எல்லாம் இணைப்பில் இருந்ததால் எல்லாம் ஒன்றாகவே போயின. தப்பியது ஒன்றே ஒன்று. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரத்தில் கரண்ட் இல்லை! நம் ஊரில் மின்வெட்டைத் திட்டாத ஆள் இல்லை, அந்த நிறுவனத்தை ஒரு மின்வெட்டுதான் காப்பாற்றியது. கானாவின் நெட் வேகம் போதாமல், அந்தத் தகவலை டிஸ்கில் ஏற்றி, ஆள் கையில் கொடுத்து, நைஜீரியா வழியாக இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். ஆகவே இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று பட்டறையில், ஒன்று முதலாளி வீட்டு பீரோவில், வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி. ரெஸ்டிக் போலப் பூட்டி வைக்கும் மென்பொருள் என்றால் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத வேறு இடத்தில் வைக்க வேண்டும். அது தொலைந்தால் உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது.

மெயில் வராத இடத்தில், பேக்கப் நடந்ததா என்று சொல்கிற ஆள் வேண்டும். கணினிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் ஒரு நோட்டு போதும். மாற்றிய தேதி, எந்த டிஸ்க், யார் கையெழுத்து. எல்லாம் கணினிமயமான காலத்தில் இதென்ன என்று சிரிப்பவர்கள் உண்டு. யாரும் திறக்காத லாக் ஃபைலைவிட, கண்ணில் படும் நோட்டுக்கே என் ஓட்டு.

கடைசியாக ரீஸ்டோர். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலை டிஸ்கிலிருந்து வேறொரு கணினிக்கு எடுத்து, அதைத் திறந்து பார்க்க வேண்டும். பெயர் தெரிகிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. முழுவதையும் மீட்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கையும் முன்னாலேயே போட்டு வையுங்கள். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி வந்தாலே பெரிது. 500 ஜிபியை எடுக்க நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும். இதை டிஸ்க் வாங்கும் அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டால், கையோடு ஒரு யுஎஸ்பி 3 கார்டும் வாங்கித் தந்துவிடுவார். ஆனால் விண்டோஸ் 7-க்கு அந்தக் கார்டு தானாகப் புரியாது, அதன் டிரைவரையும் மறக்காமல் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.