சுட்ட மீனும் ஐஸ் கட்டியும்



தமிழ்நாட்டில் உள்ளவர்கள் சித்திரை வெயில், கத்திரி வெயில் என்று பேசிக்கொள்வார்கள். நமக்கு அப்படித் தனியாக ஒரு கோடை கிடையாது. ஆனாலும் புலாவ் செபாங் வட்டாரத்தில் இருக்கிற நமக்கு ஒரு வறண்ட காலம் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். பால் குறைந்துவிடும். காலடியில் சருகு மொடமொடவென்று நொறுங்கும். அந்த நாட்களை ஒட்டித்தான் சீனப் புத்தாண்டு விடுமுறையும் வருகிறது. கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் பேரப் பிள்ளைகளோடு ரயிலேறி வந்து இறங்குகிறார்கள். 2015-லிருந்து கொமுட்டர் ரயில் நம் நிலையம் வரை வருவதால் வரவும் கூடியிருக்கிறது. மாலையானால் வீட்டுக்குப் பின்னால் நாலு செங்கல்லை வைத்து, கம்பி வலையைப் போட்டு, மீன் சுட ஆரம்பித்துவிடுகிறோம். செலவும் அதிகமில்லை, சமையற்கட்டில் பெண்கள் மட்டும் வேக வேண்டியதுமில்லை. ஆண்கள் விசிறி பிடிக்கட்டுமே!

மீன் சுடுவதில் மலாக்காவுக்குப் பெயர் உண்டு. உம்பாயிலும் செர்காமிலும், உஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பிலும் கடற்கரை ஓரமாகவே கடைகள். அங்கே கடல் பக்கம். நாமோ கடலிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகருக்கு ரயில் பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதே காலத்தில் சயாம் மரண ரயில் வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு அந்தப் பாதை திரும்பி வரவே இல்லை. ஆகவே, நமக்கு மீன் வருவதெல்லாம் சாலை வழியாகத்தான். இந்த 40 கிலோமீட்டரைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்த மாலையில் பிள்ளைகளுக்கு விருந்து வைத்தோம். விடியற்காலையிலேயே கெம்போங் மீன் வாங்கியாகிவிட்டது. வாங்கிய மீனை வேனின் பின்பக்கத்தில் வைத்துவிட்டுப் போட்டி வேலையில் இறங்கிவிட்டோம். மதியம் மூன்று மணிக்கு எடுத்து மசாலா தடவி, நன்றாகத்தான் சுட்டோம். கெட்ட வாடை எதுவும் இல்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் ஒரு பெண் பிள்ளையின் முகமும் கழுத்தும் செவசெவவென்று சிவந்தன. இன்னொரு பையன் நாக்கு எரிகிறது என்றான். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகத் தலைவலி, நெஞ்சு படபடப்பு, வாந்தி. ஒரு பாட்டி கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார். வேறொருவர் மீன் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றார். ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்திலா ஒத்துக்கொள்ளாமல் போகும்? கிளினிக்கில்தான் விஷயம் விளங்கியது. மறுநாள் எல்லோரும் தேறிவிட்டார்கள். எங்களுக்குத்தான் அன்றிரவு தூக்கம் இல்லை. தவறு முழுக்க எங்களுடையது.

நடந்தது இதுதான். கெம்போங், சூரை, சாளை போன்ற மீன்களின் சதையில் இயல்பாகவே ஒரு சத்து இருக்கிறது. மீன் செத்த பிறகு சூட்டில் கிடந்தால், அதிலுள்ள கிருமிகள் அந்தச் சத்தை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமை வந்தால் நம் உடம்பில் சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் பார்ப்பவர்களுக்கு ஒவ்வாமை போலவே தோன்றுகிறது. இதில் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. நெருப்பு கிருமியைக் கொல்லும், ஆனால் கிருமி உண்டாக்கி வைத்த ஹிஸ்டமினை அழிக்காது. கரியாகும்வரை சுட்டாலும் அது அப்படியே இருக்கும். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து உறைய வைத்தாலும் போகாது. வாடையை நம்பியும் பயனில்லை.

ஆகவே மீன் வாங்கப் போகிறவர் முதலில் ஐஸ் வாங்க வேண்டும், பிறகுதான் மீன். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன்காரர்கள் வைத்திருக்கிற வெள்ளை நுரைப் பெட்டி ஒன்று போதும். அடியில் ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ். உருகிய தண்ணீர் வடிய ஒரு துளை. வீட்டுக்கு வந்ததும் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டுத் திரும்ப ஐஸிலேயே வையுங்கள். நெருப்பு தயாரான பிறகு மீன் வெளியே வரட்டும்.

பெட்டி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. களைக்கொல்லி மருந்து வந்த பிளாஸ்டிக் தோம்பை அறுத்து, கழுவி, அதில் ஐஸும் மீனும் போட்டிருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். பாராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனால் பழைய தோம்புகள் இன்னும் கொல்லைகளில் கிடக்கின்றன, வேறு மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது. ஓட்டை போட்டுத் தூக்கி எறியுங்கள்.

இனி சுடுகிற விதம். மீனின் இருபக்கமும் மூன்று கீறல் போட்டு, உப்பு, மஞ்சள், அரைத்த மிளகாய், கொஞ்சம் புளி சேர்த்துத் தடவ வேண்டும். வாழை இலையை அனலில் வாட்டி எண்ணெய் பூசி, அதில் மடித்து வையுங்கள். இலை கருகினாலும் மீன் கருகாது. கரி தீப்பிடித்து எரியும்போது வைக்கக்கூடாது. சுவாலை அடங்கி, கரி வெண்சாம்பல் பூத்த பிறகே வைக்க வேண்டும். கரி பற்றவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. சுவையும் போகும், புருவமும் போகும். தொட்டுக்கொள்ள, புளித் தண்ணீரில் சின்ன வெங்காயமும் சிலிப்பாடியும் நறுக்கிப் போட்டு, சுட்ட பிளாச்சான் ஒரு துண்டு கரைத்துக்கொள்ளுங்கள். உம்பாய்க்காரர்களும் இதற்குக் குறை சொல்ல மாட்டார்கள். ஓரத்துச் சாம்பலில் நாலு சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்தால் பிள்ளைகள் அதைச் சுற்றியே இருப்பார்கள்.

திருக்கை வாங்கினால் மூத்திர நெடி அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அது பழைய மீன். வேண்டாம்.

கோழிக்குக் கதை வேறு. அதில் ஆபத்து எலும்பை ஒட்டி வேகாத சதையில் இருக்கிறது. மேலே கருகியிருக்கும், உள்ளே ரத்தம் கசியும். முன்பே வீட்டில் முக்கால் பங்கு வேகவைத்து, உடனே கொண்டுவந்து அனலில் வாட்டுவதுதான் நமக்கு எளிது. பச்சைக் கோழி ஊறிய மசாலாவைச் சுட்ட கறியின்மேல் திரும்பத் தடவக்கூடாது; பச்சைக் கறி இருந்த தட்டில் சுட்டதை வைக்கவும் கூடாது. சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் ஊர்ச் சூட்டில் ஒரு மணி நேரத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். தேங்காய்ப் பால் சேர்த்த எதுவும் அதுவரைகூடத் தாங்குவது சந்தேகம்.

சாப்பிட்ட பின் யாருக்காவது முகம் சிவந்து நாக்கு எரிந்தால், மீதி மீனை எவரும் தொட வேண்டாம். அவரைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

திடீரென்று மழை வந்தால் கரியடுப்பை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அனல் கரியிலிருந்து வருகிற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடுவார். மீன் நனைந்தால் நனையட்டும்.

அடுப்பு வைக்கிற இடத்தைச் சுற்றி நாலு முழத்துக்குச் சருகைக் கூட்டிவிட்டுத்தான் தீ மூட்ட வேண்டும். பால்மரக் காட்டில் இலை உதிர்ந்திருக்கும்போது ஒரு பொறி போதும். முடிந்ததும் கரியில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். ஆறிய சாம்பலைக் காலையில் கத்தரிச் செடிக்குப் போட்டுவிடலாம்.