கையெழுத்தும் ஓர் அமானிதமே

(நமது ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  

இன்று உதவித்தொகை பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் பொறியியல் பயில்பவர்கள். ஒருபுறம் வண்டலூர், மறுபுறம் காட்டாங்கொளத்தூர் என, பொறியியல் கல்விக்கூடங்களுக்கு நடுவே அமைந்த ஊர் நமது கூடுவாஞ்சேரி. பட்டம் பெறும் நாள் வரை பிள்ளைக்கு ஆசிரியர் துணை நிற்கிறார். நாமும் இயன்றதைக் கொடுக்கிறோம். பட்டம் பெற்ற மறுநாள் முதல் அவனுக்குத் துணை நிற்பவர் யார்? இதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மதரஸாவில் ஓதியவருக்கும் இன்ஜினியருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். தொடர்பு உண்டு. நாங்கள் ஹதீஸ் கிதாபை ஓதி முடித்தால் மட்டும் போதாது. அதைப் பிறருக்கு ஓதிக்கொடுக்க உஸ்தாது இஜாஸத் அளிக்க வேண்டும். அதில் அவர் பெயரும், அவருக்கு இஜாஸத் அளித்தவர் பெயரும் ஸனதாகத் தொடர்ந்து செல்லும். நான் பிழை செய்தால் அவர்கள் பெயருக்கும் பழுது. கற்றது ஒன்று, கற்றதைக்கொண்டு பொறுப்பேற்கும் தகுதி வேறொன்று. பொறியாளர்களின் தொழில்முறைப் பதிவும் இத்தகைய இஜாஸத்தே ஆகும்.

இது புதிய வழக்கமும் அன்று. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல், பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்து ஒப்புதல் அளித்தாலன்றி எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என அவர் ஆணையிட்டார். அந்நகரில் மட்டும் 860க்கும் மேற்பட்டோர் அச்சோதனைக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஓர் உயிர் போன பின்னரே அந்த ஏற்பாடு பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

நமது காலத்திலும் நம் பக்கத்திலேயே பாடம் உண்டு. 2014ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கு உழைத்துக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள். வரைபடத்திலும் கட்டுமானத்திலும் இடப்படும் கையெழுத்தின் கனம் எத்தகையது என்பதை அந்த நாள் காட்டியது.

சபையோர்களே! என் சொந்தக் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்பு நான் இமாமாக இருந்த ஓர் ஊரில், பள்ளிவாசல் ஹவுளுக்கு மேலே மாடி எழுப்பினோம். வரைபடத்தில் கையொப்பமிட்ட பொறியாளர் ஒரு நாளும் வேலை நடக்கும் இடத்துக்கு வரவில்லை; அவர் முத்திரைக்குரிய தொகை மட்டும் சென்று சேர்ந்தது. அந்த மஹல்லாவைச் சேர்ந்த, அவ்வாண்டுதான் படிப்பை முடித்த தம்பி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், தூணில் கம்பிக்கு வெளியே கான்கிரீட் போதவில்லை. இப்படியே மேல்தளம் போட வேண்டாம்" என்றார். "சீல் வைத்தவரே ஒன்றும் சொல்லவில்லை, நேற்றுப் படித்து வந்தவன் சொல்கிறானே" என்று நிர்வாகிகள் ஒதுக்கிவிட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. சில மழைக்காலங்களுக்குள் கம்பி துருப்பிடித்துத் தூண் வெடித்தது, இடித்துக் கட்டினோம். அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் வீணானது ஏழைகளும் கொடுத்த சந்தாப் பணம். தகுதியுள்ள கண்ணுக்குச் சீல் இல்லை. சீல் உள்ளவர் தம் கண்ணைக் கொண்டுவரவில்லை. அன்றைய என் மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இனி, நமது நாட்டின் நிலையைப் பார்ப்போம். கணக்காயர்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டமும், வழக்கறிஞர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டடக்கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அத்தகைய பதிவுச் சட்டத்தின் நிழலில் பொறியாளர்கள் வளரவில்லை. அவர்களுக்குப் பதிவு பல வாசல்களில் இருக்கிறது. 1920இல் தொடங்கி 1935இல் அரச சாசனம் பெற்ற 'இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ்' ஒரு வாசல். அதன் தமிழ்நாட்டு மையம் சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் உள்ளது. பட்டம் பெற்றவர் முதலில் இணை உறுப்பினராகலாம். உரிய ஆண்டுகள் பணியாற்றி, அந்த அனுபவத்தை நிரூபித்தால் 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' ஆகலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி நடைபெறும் பதிவு மற்றொரு வாசல். கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியாளரும், கட்டமைப்புப் பொறியாளரும் உரிய அதிகார அமைப்பிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

நமது பிள்ளைகள் பலர் கடல் கடந்து செல்கிறார்கள். அங்கே இது சோற்றுப் பிரச்சினையாகிவிடுகிறது. சவூதியில் பொறியாளர் கவுன்சிலின் பதிவு கேட்கப்படுகிறது. கத்தாரில் தேர்வு எழுத வேண்டும். குவைத்தில் 2018இல், பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் இன்றிப் பொறியாளர்களின் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப்படாது என்று அறிவிப்பு வந்தது. அச்சங்கமோ இந்தியர்களிடம், படித்த படிப்புக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டது. பல ஆண்டுகள் அங்கே உழைத்தவர்களும் தவித்துப்போனார்கள். எனவே பெற்றோர்களே, கல்லூரியில் சேர்க்கும்போது கட்டடத்தின் அழகைப் பார்க்காதீர்கள். அந்த அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வழங்கப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கப்படுகிறது. உங்கள் பிள்ளை சேரும் பாடப்பிரிவுக்கு அது உண்டா என்று கேளுங்கள்.

இளைஞர்களே! பதிவுக்கான தயாரிப்பு ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் தொடங்குவது அன்று. வேலையில் சேர்ந்த முதல் நாளே தொடங்குவது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரந்தோறும் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த வேலை, நான் செய்தது என்ன, எடுத்த முடிவு என்ன, ஏன் எடுத்தேன், சரிபார்த்தவர் யார் என்று எழுதுங்கள். "எங்கள் கம்பெனி மூன்று மாடி கட்டியது" என்று எழுதினால் அது கம்பெனியின் பெருமை. "தூணுக்கு 40 மில்லிமீட்டர் கவர் வேண்டிய இடத்தில் 20தான் இருப்பதைக் கண்டேன், கான்கிரீட் போடுவதை நிறுத்தச் சொன்னேன், மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்தேன்" என்று எழுதினால் அது உங்கள் தகுதிக்குச் சான்று. அனுபவத்தை மதிப்பிடுவோர் தேடுவது 'நாங்கள்' என்பதை அன்று, 'நான்' என்பதையே. செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள்; அது பொய்ச் சாட்சியம்.

அந்தப் பக்கத்தில் மூத்தவரின் கையொப்பத்தையும் உடனுக்குடன் பெற்றுவிடுங்கள். மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு கார் ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியதை நாம் கண்டோம். அவ்வளவு பெரிய ஆலையின் கதவே மூடுமென்றால், சிறிய ஒப்பந்ததாரரின் அலுவலகம் எத்தனை நாள் இருக்கும்? கையொப்பமிட வேண்டியவர் வேறு நாட்டுக்குச் சென்றுவிட்ட பின் அனுபவச் சான்றிதழுக்கு அலைவது பெரும் துன்பம்.

மூத்த பொறியாளர்களே! இந்த மஹல்லாவில் பொதுப்பணித்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும், வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கேட்கிறோம். தம்பிமார்களின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். நேர்காணலுக்கு முன் நீங்களே ஒரு முறை நேர்காணல் நடத்துங்கள். பிற மூத்தவர்களிடம் அறிமுகப்படுத்துங்கள். ஆனால் உங்கள் கண்ணால் பார்க்காத வேலைக்குப் பாசத்தின் பேரில் கையொப்பமிடாதீர்கள். அவனுக்கு அது உதவியன்று.

நிர்வாகத்தாருக்கு என் கோரிக்கைகள் மூன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அமர்வுக்கு மதரஸா அறையைத் திறந்துவிடுங்கள். வசதியற்ற பட்டதாரியின் உறுப்பினர் கட்டணத்தையும், வெளிநாட்டுக்குச் சான்றிதழ்களை ஒப்பமிட்டுப் பெறும் செலவையும் வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். மூன்றாவதாக, இனி நமது பள்ளிவாசலில் ஒரு சுவர் எழுப்பினாலும், கையொப்பமிடுபவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதிவையுங்கள். இளம் பொறியாளன் ஒரு குறையைச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்பது ஃபிக்ஹில் நாங்கள் ஓதிய சட்டம். முத்திரையை வாடகைக்கு விடுபவரும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நாளை நமது பிள்ளையின் கையில் ஒரு முத்திரை வரும். அதன் கீழே எத்தனையோ குடும்பங்கள் உறங்கும். அந்த அமானிதத்தைச் சுமக்கும் தகுதியோடு அதைப் பெறுவதற்கு வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குத் தோள் கொடுப்பதற்கு நமக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.